பாவாடை என்றொரு பாட்டன்

செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர் வட்டாரத்துக் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் வம்சாவளி எழுத உட்கார்ந்தால், மூன்றாம் தலைமுறைக்கோ நான்காம் தலைமுறைக்கோ வரும்போது ஒரு சிரிப்பு வெடிப்பது வழக்கம். கொள்ளுத்தாத்தாவின் பெயர் பாவாடை. பழைய கிரயப் பத்திரத்தில் ‘பாவாடை குமாரர்’ என்று மகனுக்கு முன்னால் அழுத்தம் திருத்தமாக எழுதியிருக்கும். சென்னையில் கல்லூரிக்குப் போகும் பேத்திக்குத் தெரிந்த பாவாடை வேறு. பத்திரம் எழுதியவர் கைதவறி எழுதிவிட்டாரோ என்று முதலில் சந்தேகம் வரும். அடுத்து, இதை எப்படி வெளியே சொல்வது என்ற கூச்சம் வரும். கடைசியில் வம்சாவளியில் ‘பாலகிருஷ்ணன்’ என்று ஏதோ ஒன்றை எழுதி மூடிவிடுவார்கள்.

எழுத்தர் தவறவில்லை. பாவாடைராயன் அங்காளம்மனின் காவல் தெய்வம். மேல்மலையனூரில் அம்மனைக் கும்பிடும் குடும்பங்கள் அவனையும் சேர்த்தே கும்பிடுகின்றன. அவனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கு அவன் பெயரையே வைத்தார்கள். பாவாடை, பாவாடைசாமி என்று வட தமிழகத்தில் ஆண்கள் இருப்பது இப்படித்தான். துணியை விரித்து அதன்மேல் சோற்றைக் குவித்துத் தெய்வத்துக்குப் படைப்பதற்கும் பாவாடை என்று பெயர் உண்டு. திருமலையில் வியாழக்கிழமைதோறும் பெருமாள் முன்னால் புளியோதரையை மலையாகக் குவிக்கும் சேவைக்குத் திருப்பாவாடை என்றே பெயர்.

ஆகவே அந்தப் பேத்தி சிரித்துத் தள்ளிய சொல்லில் ஒரு முகவரி இருக்கிறது. பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, குலதெய்வம் எதுவென்றே மறந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. சோசியரிடம் போய் குலதெய்வம் எது என்று கேட்டுக் காசு கொடுக்கிறார்கள். பாவாடை என்று ஒரு பாட்டன் இருந்தால் முதலில் அங்காளம்மன் கோயில்களின் பக்கம் தேடிப் பார்க்கலாம். தென்கோடியிலும் இதே கதைதான். சொரிமுத்து என்ற பெயர் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரிடம் கொண்டுபோய் விடும். சுடலை, பேச்சி, பலவேசம், புலமாடன் எல்லாம் நெல்லைச் சீமையின் கோயில் வாசல்கள்.

தெய்வத்தின் பெயராக இருந்தால் பரவாயில்லை. வெட்கம் ஒருநாளில் விலகிவிடும். குப்பை, பிச்சை, தவிடு, மண்ணாங்கட்டி என்று வந்தால்?

பெற்ற தாயும் தகப்பனும் பிள்ளைக்குக் குப்பை என்று பெயர் வைப்பார்களா என்று கேட்கிறவர்கள், அந்தப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னே பிறந்த இரண்டும் மூன்றும் தங்காமல் போன வீட்டில் அடுத்த குழந்தை பிறந்ததும் அதை ஒரு முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவார்கள். சில ஊர்களில் குழந்தையைக் குப்பையில் ஒருமுறை உருட்டி எடுப்பார்கள். வேறு சில ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரி அதைக் கண்டெடுத்ததுபோல எடுத்து வருவாள். பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்குவாள். எமனுக்கும் கண்ணேறுக்கும் காட்டிய கண்கட்டு வித்தை அது. இது யாரும் ஆசைப்படும் பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வந்தது, இதைக் கொண்டுபோய் உனக்கு என்ன லாபம் என்று சொல்லிக் காட்டுவது. பிழைத்த பிள்ளை குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், தவிடன் என்று பெயர் பெற்றது. ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று இன்றும் தமிழ் வீடுகளில் கடைக்குட்டியை அழவைக்கும் கேலி, ஒருகாலத்தில் நிஜமாகவே நடந்த பேரத்தின் மிச்சம்.

பிச்சையும் அதே வழிதான். தாய் மூன்று வீட்டிலோ ஏழு வீட்டிலோ மடியேந்திக் கேட்டு வாங்கிய காசில் குழந்தைக்குக் காப்போ துணியோ வாங்குவாள். பிள்ளை பிச்சை, பிச்சையா, பிச்சைமுத்து, பிச்சையம்மாள் ஆகும். பையனுக்கு மூக்கில் ஓட்டை போட்டு வளையம் மாட்டினால் மூக்கன், மூக்காண்டி, மூக்கையா. உசிலம்பட்டித் தொகுதியிலிருந்து மீண்டும் மீண்டும் சட்டமன்றத்துக்குப் போன பி.கே. மூக்கையாத் தேவரின் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. பெயருக்குப் பின்னால் ஆள் நின்றுவிட்டால் பெயரின் பொருள் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறது.

இது ஏழைகளின் வழக்கம், படிக்காதவர்களின் வழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. தியாகராஜரின் நேர்ச் சீடர்களில் ஒருவரான திருவொற்றியூர் வீணை குப்பையர், கர்நாடக இசைக்காரர்கள் இன்றும் பாடும் வர்ணங்களை எழுதியவர். மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனமே பெயர் தாங்கி நிற்கும் மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரி வடமொழிப் பேரறிஞர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் இன்ன காரணத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டன் பெயர் பேரனுக்கு வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அக்கிரகாரத்திலிருந்து சேரி வரை ஒரே பெயர் ஓடியிருக்கிறது என்றால், குழந்தைச் சாவும் அந்த வீதிகள் எல்லாவற்றிலும் நுழைந்திருக்கிறது என்றுதான் பொருள்.

ஆந்திரத்தில் இதே பெயர் பெண்டய்யா; அங்கே குப்பைமேட்டுக்கு ‘பெண்ட்ட’ என்று பெயர். எச்சில் இலையில் உருட்டி எடுத்த பிள்ளை புல்லய்யா. கன்னட நாட்டில் திப்பண்ணா, திப்பேசாமி. இன்னும் வடக்கே போனால் மிகப் பிரபலமான இரண்டு பெயர்கள் நிற்கின்றன. 1908 ஆகஸ்ட் 11 அன்று முசாபர்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்ட குதிராம் போஸ் வங்காளத்தின் தவிடன். முன் பிறந்த ஆண் குழந்தைகள் இறந்துபோனதால், பெற்றோர் அவரை மூன்று பிடி நொய்யரிசிக்கு அக்காளிடம் விற்றார்கள். வங்காளிக்கு நொய் ‘குத்’, பிள்ளை குதிராம். காந்தியைச் சுட்ட நாதுராம் கோட்சே மராத்தியரின் மூக்கன். ராமச்சந்திரன் என்று பெயரிட்ட பிள்ளை. முன்னே பிறந்த ஆண்கள் தங்காததால் மூக்கில் ‘நத்’ மாட்டிப் பெண்ணைப்போல வளர்த்தார்கள், ராமன் நாதுராமன் ஆனான். ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி பஞ்சாபியரின் பெயர்களைப் பற்றி 1883இலேயே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். நம் பக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பெயர் வைக்கும் வழக்கங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. எப்போதும்போல, வெள்ளைக்காரர் குறித்து வைத்த பிறகுதான் நாம் திரும்பிப் பார்த்தோம்.

எத்தனை சாவு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மாகாணத்தில் பதிவான கணக்குப்படி, பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பதிவாகாமல் போனவை தனி. எட்டு, பத்துப் பெற்ற தாய் நான்கைப் புதைப்பது பெரிய செய்தியாக இல்லாத காலம் அது. அந்தக் குழந்தைகளுக்குக் கல்லறை இல்லை, சாதகம் இல்லை, பல சமயம் பெயர்கூட இல்லை. 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கப்பட்ட பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டினால் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பதிவு செய்த நாளில் பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். இறந்த அண்ணன்களும் அக்காள்களும் இருந்ததற்கு அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, தப்பிப் பிழைத்தவனின் பெயர்தான். குப்பன் என்பதைப் பாலகிருஷ்ணன் என்று திருத்துகிறவர், தன்னை அறியாமலே அந்தச் சாட்சியையும் கலைத்துவிடுகிறார்.

எல்லாப் பெயரும் இவ்வளவு கனிவான காரணத்தோடு வந்துவிடவில்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்கள் சாவை ஏமாற்ற வந்தவை அல்ல. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண்ணின் தலையில் கட்டியவை. திருத்தணி பக்கத்து நாராயணபுரத்தில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடு பெண்கள் இருப்பதை 2019இல் நாளேடுகள் எழுதின. மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்ற பொருளில் நகுசா என்று பெயர் பெற்ற 285 பெண் பிள்ளைகளுக்கு 2011 அக்டோபரில் அரசே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. அங்கே திருத்தியதில் நியாயம் இருந்தது. பெயரைச் சுமந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். இறந்துபோன பாட்டியின் பெயரை நாம் திருத்துவது வேறு கணக்கு.

விசித்திரமான பெயர் கண்ணில் பட்டதும் ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இந்தத் தேடலில் பெரிய பொறி. பிச்சை என்றால் பிள்ளை தங்காத வீடு என்று முடிவு கட்டலாமா? கூடாது. பிச்சாடனராக வந்த சிவனின் பெயராகவும் அது இருக்கும். திருச்சிக்குப் பக்கத்து உத்தமர்கோயிலுக்கே பிச்சாண்டார்கோயில் என்று இன்னொரு பெயர் உண்டு. அந்தப் பக்கத்துப் பிச்சாண்டி கோயில் பெயரோடு பிறந்தவனாக இருக்கலாம். அதேபோல, குறுந்தொகைப் புலவர் குப்பைக்கோழியாரைக் குப்பனின் மூதாதை என்று யாராவது கொண்டாடினால் நம்ப வேண்டாம். அவர் குப்பையில் சண்டையிடும் கோழியை உவமையாகச் சொன்ன கவிஞர். இயற்பெயர் தெரியாததால் தொகுத்தவர்கள் உவமையையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்தவர்களே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயர் தொலைந்தவர்களோடு தமிழர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

வேண்டுதல் பெயர்கள் மத எல்லையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தர்காவில் நேர்ந்துகொண்டு பிறந்த இந்துப் பிள்ளைக்கு மஸ்தான் என்று பெயர் வைப்பது ஆந்திரத்தில் சாதாரணம்; மாநிலங்களவை உறுப்பினரான பீதா மஸ்தான் ராவ் இந்துதான். ஆகவே குடும்பக் கதையில் மஸ்தானோ நாகூரானோ வந்ததும் ‘எங்கள் கொள்ளுத்தாத்தா முஸ்லிமாக மாறியவரா?’ என்று பதற வேண்டியதில்லை.

கிறித்தவக் குடும்பங்களின் புதிர் நேர் எதிரானது. அங்கே பெயர் விசித்திரமாகத் தெரியாது. அதனாலேயே தடம் தவறும். கத்தோலிக்கக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் குருவானவர் பௌலுஸ் என்று லத்தீனில் எழுதியிருப்பார். வீட்டில் அந்தப் பெயரில் ஒருவரும் இருந்ததில்லை என்று பேரன் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவான். பௌலுஸ்தான் சின்னப்பன். பேதுருஸ் ராயப்பன். பிரான்சிஸ் சவேரியார் சவரிமுத்தாகவும் சவரியாயியாகவும் வருவார். இக்னேசியஸ் இன்னாசி. அலோசியஸ் ஞானப்பிரகாசம். சூசை என்று வழங்கிய ஜோசப்பை வீரமாமுனிவர் வளன் ஆக்கினார். 1745இல் வடக்கன்குளத்தில் லாசரஸ் என்று திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், தமிழில் தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. ஒரே மனிதருக்கு மூன்று பெயர். மூன்று பதிவேட்டில் மூன்று ஆளாக நிற்பார். தரங்கம்பாடி மிஷனில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைப் போதகர் ஆரோன், கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர்.

இதிலும் எச்சரிக்கை தேவை. சின்னப்பன் என்றால் கிறித்தவர் என்று எழுதிவிட்டால் இந்துக்களான நடிகர் பி.யு. சின்னப்பாவையும் படத்தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரையும் எங்கே வைப்பது?

கடல் கடந்து போனவர்களின் பேரன்மார் படும் பாடு இன்னும் பெரிது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்க நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1911இல் அந்த வரவு நின்றபோது 152,184 பேர் நேட்டாலுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதினார்கள். தமிழ்நாட்டில் தங்கிவிட்ட ஒரு கூலிக்காரரைப் பற்றி இவ்வளவு விவரம் எந்தக் கச்சேரியிலும் கிடைக்காது. ஆனால் அதை எழுதியவர் காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்தவர். குப்பன் ‘கூப்பன்’ ஆனான், முனுசாமி ‘மூன்சாமி’ ஆனான். குடும்பப் பெயர் கேட்கும் நாட்டில் அப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்று டர்பனில் நான்காம் ஐந்தாம் தலைமுறை தன் பெயரின் பொருள் கேட்டுத் தேடும்போது, ஆங்கில எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் பிடிபடாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுவும் தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.

மொரீசியஸில் 2016 முதல் 2019 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவரின் குடும்பப் பெயர் வியாப்பூரி. பழனிக்காரர்களுக்கு இதில் மர்மம் இல்லை; அவர்கள் ஊர்க் குளமே வையாபுரிக்குளம். பிரெஞ்சு எழுத்தர்களிடம் மாட்டியவர்கள் கதை தனி. ரீயூனியன் தீவிலிருந்து செனட் சபைக்குப் போன ஜான்பால் விராப்புலேயின் பெயருக்குள் ஒரு வீரப்பிள்ளை இருக்கிறார். குவாதலூப்பின் எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான எர்னஸ்ட் முத்துசாமியின் பெயரைப் பிரெஞ்சு வாய் ‘மூத்துசாமி’ என்கிறது. நல்லவேளை, அவரை நம்மால் உடனே அடையாளம் காண முடிகிறது.

ஊரிலேயே இருந்தவர்களும் ஒரு பெயரோடு நின்றுவிடவில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு அய்யா, துரை, ராசா என்று ஏதாவது ஒன்றால் கூப்பிடுவார்கள். இருபது வருடம் கழித்துச் சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில்தான் தெரியவரும். உ.வே. சாமிநாதையருக்குச் சூட்டிய பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்றும் சாமா என்றும் அழைத்தார்கள். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வீட்டுப் பெயரே பிடித்துப்போக, உலகம் அறிந்தது சாமிநாதையரை. அவர் சொந்த ஊரான உத்தமதானபுரத்துச் சடங்குக் குறிப்பில் தேடுகிறவனுக்கு சாமிநாதன் கிடைக்க மாட்டான்.

சாதி இதில் வேறு விதமாக விளையாடியது. வீட்டில் குப்புசாமி, பண்ணையில் குப்பன். கூலிக்காரனைச் ‘சாமி’ என்று ஒட்டுச் சேர்த்துக் கூப்பிட மிராசுதாரருக்கு நா வராது. அவர் சொன்னபடியே கணக்குப்பிள்ளை எழுதினார். அதே ஊரில் நிலம் வைத்திருந்த குப்பன் பத்திரத்தில் பெரும்பாலும் குப்பனாக இருக்கமாட்டான், குப்புசாமியாகவோ குப்பண்ணனாகவோ இருப்பான். ஒரே பெயரின் வால் வெட்டப்பட்டிருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்த்தே அவர் ஊரில் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தார் என்று ஊகிக்கலாம். இந்தப் பெயரரசியலை நன்கு அறிந்தவர்கள் சொந்தப் பெயரை விட்டு வெளியே வந்தார்கள். காத்தவராயனாகப் பிறந்தவர் தன் ஆசான் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இரட்டைமலை சீனிவாசனோ தந்தையின் பெயரான இரட்டைமலையைத் தன் பெயருக்கு முன்னால் விடாமல் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் பலர் அதை ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் வந்தன. வேதாசலம் மறைமலையானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். ஊர் ஊராக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவர்கள் வழியே நடந்தன. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரே குப்பம்மாளைக் குமாரியாக்கிய கதைகளும் ஏராளம். அது அவர்கள் உரிமை. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் வரலாறு தேடுகிறவர்கள் அந்த மாற்றத்தின் இரு கரையையும் குறித்து வைக்க வேண்டும்.

சட்டப்படி பெயர் மாற்றியவர்களுக்கு அரசிதழ் இருக்கிறது. இன்னாரின் மகன், இந்தத் தேதியில் பிறந்த இன்னார், இனிமேல் இன்னார் என்று அழைக்கப்படுவார் என்று பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். மற்றவர்களுக்குப் பத்திரமும், பழைய பட்டாவும், கோயில் பதிவேடும், முக்கியமாக வீட்டின் மூத்த பெண்களும் உண்டு. எந்தக் குழந்தைக்கு முன்னால் எத்தனை போனது என்ற கணக்கு அவர்கள் மனசில் மட்டும்தான் இருக்கும். ஆண்களைக் கேட்டால் தெரியாது என்பார்கள். தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் குழந்தைகளுக்கு 13தான் முதல் ஆண்டுக்குள் இறந்தன. குப்பையில் உருட்ட வேண்டிய தேவை போய்விட்டது. அந்தக் கதை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். எனவே, இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். பத்திரத்தில் குப்பன் என்று இருந்தால் குப்பன் என்றே எழுதுங்கள். பாவாடை என்று இருந்தால் பாவாடை என்றே எழுதி, பக்கத்தில் காரணத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.